எமிலியா ஏன் "தெரியலம்மா"ன்னு சொன்னா? காதல் எங்க முடியுது, சூழ்ச்சி எங்க ஆரம்பிக்குது?

பின்வரிசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து வாராவாரம் ஒரு நாடகத்த சத்தமா வாசிப்போம், ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்குவோம். போன மூணு வாரமா ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ. படைத்தளபதி ஒதெல்லோவ, அவனுக்குக் கீழ இருக்குற இயாகோ, மனைவி டெஸ்டிமோனாவுக்கும் கேசியோங்குற அதிகாரிக்கும் தொடர்புன்னு நம்ப வச்சு, அவன் கையாலயே அவளக் கொல்ல வைக்கிற கதை. வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் ஒரே குரல்ல "இயாகோ பயங்கர மூளைக்காரன், ஒதெல்லோ முட்டாள், ஒரு கைக்குட்டைக்காக யாராவது பொண்டாட்டிய சந்தேகப்படுவானா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க. எனக்கு மனசு ஆறவே இல்ல.

நான் வாசிச்சது எமிலியா, இயாகோவோட மனைவி, டெஸ்டிமோனாவுக்குப் பக்கத்துலயே இருக்குற தோழி. 3-வது அங்கத்துல டெஸ்டிமோனா தவறவிட்ட கைக்குட்டைய எடுத்து புருஷன் கையில குடுக்குறது இவதான். அடுத்த காட்சியிலயே டெஸ்டிமோனா பதறிப்போய் "அத எங்க தொலைச்சிருப்பேன் எமிலியா"ன்னு கேக்குறா, இவ "எனக்குத் தெரியலம்மா"ங்குறா. அவ்வளவுதான் டயலாக். சத்தமா வாசிக்கிறப்ப அந்த இடத்துல எனக்குக் குரலே வரல. அப்புறம் ஒதெல்லோ வந்து கைக்குட்டை எங்க, கைக்குட்டை எங்கன்னு கத்துறான், எமிலியா அங்கயேதான் நிக்கிறா, எல்லாத்தையும் பாக்குறா, வாயத் தொறக்கல. ஆனா கடைசி அங்கத்துல இதே எமிலியாதான் டெஸ்டிமோனாவுக்காக உயிரக் குடுக்குறா. அன்பு இல்லாதவ இல்ல.

இயாகோ மாதிரி ஆளு கெட்டவன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. ஆனா அன்பு இருக்குறவங்களே அன்பு வச்சவங்களுக்கு எதிரா எப்படி உபயோகப்படுறாங்க? பழைய நாடகங்கள நெறைய படிச்சவங்க சொல்லுங்க, ஒருத்தர ஒருத்தர் காதலால சம்மதிக்க வைக்கிறதுக்கும் சூழ்ச்சியால ஆட்டி வைக்கிறதுக்கும் கோடு எங்க இருக்கு?

ஞாயிறுவாசகன்:

ஒதெல்லோவ முட்டாள்னு சொல்றவங்க 3-வது அங்கம் 3-வது காட்சிய இன்னொரு தடவ மெதுவா படிக்கணும். அதுல இயாகோ பொய்ய எடுத்தவுடனே சொல்லவே இல்ல. கேசியோ டெஸ்டிமோனாகிட்ட பேசிட்டு அந்தப் பக்கம் போறான், இயாகோ தனக்குள்ள சொல்லிக்கிற மாதிரி "இது எனக்குப் பிடிக்கல"ன்னு முணுமுணுக்குறான். என்ன சொன்னேன்னு ஒதெல்லோ கேக்குறான். "ஒண்ணுமில்ல பிரபு, இல்லன்னா... என்னன்னு தெரியல". இதுதான் முதல் அடி. அப்புறம் ஒதெல்லோ என்ன கேட்டாலும் அதே வார்த்தைய திருப்பி அவன்கிட்டயே கேக்குறான். கேசியோ நேர்மையானவன் இல்லயான்னு கேட்டா "நேர்மையா பிரபு?", என்ன நெனைக்கிறன்னு கேட்டா "நெனைக்கிறதா பிரபு?". ஒதெல்லோவே எரிச்சலாகி எதிரொலி மாதிரி என் வார்த்தையவே திருப்பிச் சொல்றியேங்குறான். கொஞ்ச நேரத்துல ஒதெல்லோ கெஞ்ச ஆரம்பிச்சுடுறான், சொல்லு சொல்லுன்னு. விஷத்த இயாகோ ஊத்தல, ஒதெல்லோவே கைய நீட்டி வாங்கிக் குடிக்கிறான்.

இத எனக்கு நடந்ததால சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி எனக்கு ரொம்ப நெருக்கமா இருந்த ஒருத்தர், நான் கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணப் பத்திப் பேச்சு வர்றப்பல்லாம் ஒரு நிமிஷம் அமைதியா இருந்துட்டு "ஒண்ணுமில்ல, விடு"ம்பார். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. அந்த ஒரு நிமிஷ அமைதிய நிரப்புனது முழுக்க நான்தான், ராத்திரி ராத்திரியா முழிச்சுக் கெடந்து. அந்தக் கல்யாணம் நடக்கல. பின்னாடி ஒதெல்லோ படிச்சப்ப அந்த "ஒண்ணுமில்ல பிரபு" வந்த இடத்துல புத்தகத்த மூடி வச்சுட்டேன், ரெண்டு நாள் தொடல. அதனால யாராவது ஒதெல்லோவ முட்டாள்னு சொன்னா எனக்குக் கோவம் வரும்.

இன்னொண்ணும் கவனிங்க. இயாகோ பொய் மட்டும் சொல்றதில்ல, உண்மையத்தான் திருப்புவான். முதல் அங்கத்துல டெஸ்டிமோனாவோட அப்பா "அப்பன ஏமாத்துனவ உன்னையும் ஏமாத்தலாம்"னு சொல்லிட்டுப் போவார், ஒதெல்லோ அப்ப என் உயிரயே அவ நம்பிக்கை மேல வைக்கிறேம்பான். ரெண்டு அங்கம் கழிச்சு இயாகோ அதையே எடுத்து "உங்களக் கட்டிக்கறதுக்கு அவங்க அப்பாவ ஏமாத்துனவங்கதானே"ம்பான். அது நடந்த விஷயம். அவ இவன்மேல வச்ச காதலுக்கான சாட்சியையே அவளுக்கு எதிரான சாட்சியா ஆக்கிட்டான் பாருங்க.

மேடைக்காரி:

பின்வரிசை, உங்க கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா நான் எமிலியாவா மேடையில நின்னிருக்கேன், பன்னெண்டு ஷோ. "தெரியலம்மா"ங்குற அந்த வரிய எப்படிச் சொல்றதுன்னு ரிகர்சல்ல ஒரு வாரம் திண்டாடுனேன். பயந்து சொல்லணுமா, அலட்சியமாவா, குற்ற உணர்ச்சியோடயான்னு எல்லாம் முயற்சி பண்ணிப் பாத்தாச்சு, எதுவும் ஒட்டல.

அப்புறம் பதில் முந்துன காட்சியிலயே இருக்குறதப் பாத்தேன். கைக்குட்டை குடுக்குற இடத்த கவனிங்க. எமிலியா ஆசையா "உங்களுக்காக ஒரு பொருள் வச்சிருக்கேன்"னு வர்றா. புருஷன் அத வச்சே ஒரு அசிங்கமான பேச்சு பேசி, முட்டாள் பொண்டாட்டி இருக்குறது ஊர்ல சகஜம்தாங்குற மாதிரி முடிக்கிறான். அவ அத முழுங்கிக்கிட்டு, அந்தக் கைக்குட்டைக்கு என்ன குடுப்பீங்கன்னு கேக்குறா. கைக்குட்டைன்னதும் அவன் குரல் மாறுது, "நல்ல பொண்ணு, குடு"ங்குறான். முழு நாடகத்துல அவன் அவள நல்லவிதமா சொல்ற ஒரே இடம் எனக்குத் தெரிஞ்சு அதுதான்! அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் அவ அத எடுத்துட்டு வந்தா. எதுக்கு இதுன்னு கேக்குறா, உனக்கென்னங்குறான். முக்கியமான காரியம் இல்லன்னா திருப்பிக் குடுத்துடுங்க, பாவம் அம்மா தேடித் தேடிப் பைத்தியமாயிடுவாங்கன்னு சொல்றா. அதாவது அவளுக்கு வலி தெரிஞ்சிருக்கு. அப்ப அவன் சொல்ற பதில்: நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு, எனக்கு இது வேணும், போ.

தெரியாத மாதிரி இரு. அடுத்த காட்சியில இவ வாயில வர்ற "தெரியலம்மா" இவளோட வார்த்தையே இல்ல, அவன் குடுத்தனுப்புன வார்த்தை. இது புரிஞ்சதுக்கு அப்புறம் நான் அத சாதாரணமா, ஒரு பழக்கம் மாதிரி சொல்ல ஆரம்பிச்சேன், பல வருஷமா வீட்டுல இப்படித்தான் பதில் சொல்லிப் பழகுனவ மாதிரி. முதல் ஷோவுலயே முன்வரிசையில ஒரு அம்மா "ஐயோ"ன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

அதனாலதான் கடைசி அங்கத்துல அவ பேச ஆரம்பிக்கிறது அவ்வளவு பெருசு. வாய மூடு, வீட்டுக்குப் போன்னு இயாகோ சொல்றான். அதுக்கு அவ, நான் இவருக்குக் கீழ்ப்படியணும்தான், ஆனா இப்ப இல்ல, ஒருவேள இனி வீட்டுக்கே வரமாட்டேங்குறா. நான் அத ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் தொண்ட அடைச்சுக்கும். அவ உண்மையிலயே வீட்டுக்குப் போகல, அங்கயே குத்திக் கொன்னுடுறான். அதுக்கப்புறம் இயாகோ, என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொல்லிட்டு நிஜமாவே பேசமாட்டான். அந்த நாடகத்துலயே அதிகமா பேசுறவன் அவன்தான், ஒதெல்லோவ விட அதிக வரி. அவள பேசாம வச்சிருந்தவன், அவ பேசுனதும் வாயடைச்சுப் போறான்.

கடலோரம்:

மேடைக்காரி சொன்னத மூணு தடவ படிச்சேன், நன்றி. ஆனா கோடு எங்க இருக்குங்குற கேள்விக்கு எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. நோக்கத்த மறைச்சா சூழ்ச்சி, வெளிப்படையா கேட்டா அன்புன்னு பொதுவா சொல்லுவாங்க. ஒதெல்லோவுலயே டெஸ்டிமோனா கேசியோவுக்கு மன்னிப்பு வாங்கித் தர எப்படி நச்சரிக்கிறா பாருங்க. இன்னிக்கு ராத்திரியா, நாளைக்கு மதியமா, செவ்வாய்க்கிழமை காலையிலயா மதியமா, புதன்கிழமை காலையிலயா, நாள் சொல்லு, மூணு நாளத் தாண்டக் கூடாதுன்னு. அதுல மறைவு ஒண்ணும் இல்ல, அதனால நமக்கு அவ மேல பிரியம்தான் வருது.

ஆனா மேக்பெத்தப் பாத்தா இந்தக் கணக்கு உடையுது. மேக்பெத்தோட மனைவி லேடி மேக்பெத் எதையும் மறைக்கல. ராஜா டங்கனக் கொல்லணும், நீ ராஜாவாகணும், நேராவே சொல்றா. மேக்பெத் "இதுல இதுக்கு மேல போக வேண்டாம்"னு சொன்னப்ப அவ என்ன பண்றா? இனிமே உன் காதலையும் இப்படித்தான் எடை போடுவேங்குறா. எனக்கு ரத்தம் உறைஞ்ச இடம் அதுதான், ஆம்பளயான்னு கேக்குறது கூட அதுக்கு அப்புறம்தான் வருது. இத செய்யலன்னா நீ என்ன காதலிக்கிறன்னு நான் நம்பமாட்டேன்னு சொல்லிட்டா. அப்புறம், சத்தியம் பண்ணியிருந்தா பால் குடிக்கிற குழந்தையக் கூட கொன்னிருப்பேங்குற அந்தக் கொடூரமான பேச்சு. அது முடிஞ்சதும் மேக்பெத் கேக்குற ஒரே கேள்வி "தோத்துட்டா?". ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அவன் பேசிட்டிருந்தது செய்யலாமா கூடாதான்னு. இப்ப பேச்சு முடியுமா முடியாதான்னு மாறிடுச்சு, அவனுக்கே தெரியாம.

இத்தனைக்கும் அவங்க ரெண்டு பேரும் நெஜமா நேசிக்கிறவங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. கடுதாசியில அவளத் தன் பெருமையில பங்காளின்னு எழுதுறான். ஆக வெளிப்படையா இருந்தா போதும்னு சொல்ல முடியாது. உறவையே பணயம் வச்சுக் கேட்டா, அது எவ்வளவு வெளிப்படையா இருந்தாலும் சூழ்ச்சிதான்னு எனக்குப் படுது.

மேடைக்காரி:

கடலோரம், நீங்க சொன்னதும் ஒண்ணு பளிச்சுன்னு தெரியுது. 3-வது அங்கத்துல நண்பன் பாங்கோவக் கொல்ல ஆள் அனுப்பிட்டு மேக்பெத் அவகிட்ட என்ன சொல்றான்? உனக்குத் தெரியாமயே இருக்கட்டும் கண்ணு, முடிஞ்சதும் கைதட்டு. இயாகோ எமிலியாகிட்ட சொன்னதும் தெரியாத மாதிரி இருன்னுதான். ஒருத்தன் அதட்டிச் சொல்றான், ஒருத்தன் கொஞ்சிச் சொல்றான், ரெண்டு பேரும் பொண்டாட்டிய அறைக்கு வெளியில நிறுத்திட்டாங்க. லேடி மேக்பெத் தூக்கத்துல நடக்க ஆரம்பிக்கிறது குற்ற உணர்ச்சியால மட்டும் இல்ல, தனியா ஆகிட்டதாலயும்தான்னு நான் நெனைக்கிறேன்.

மரநிழல்:

எல்லாரும் யார் பேசுறா எப்படிப் பேசுறான்னு பாக்குறீங்க. எதிர்ல இருக்குறவங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வழி இருக்கான்னு நான் பாப்பேன்.

மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்துல 1-வது அங்கம் 2-வது காட்சி. ஆன், மாமனார் ஆறாம் ஹென்றியோட பிணத்துக்குப் பக்கத்துல நிக்கிறா. அவரையும் அவ புருஷனையும் கொன்னவன் ரிச்சர்ட். அவன் அங்கயே, அந்தப் பெட்டி பக்கத்துலயே அவள விரும்புறேங்குறான். முகத்துல துப்புறா. அவன் கத்திய அவ கையில குடுத்து நெஞ்சத் தொறந்து காட்டி, குத்து, இல்லன்னா ஏத்துக்கன்னு சொல்றான். அவளால குத்த முடியல. கத்தி கீழ விழுது. கடைசியில அவன் மோதிரம் அவ விரல்ல.

இத "பேசியே மயக்கிட்டான்"னு சொல்றாங்க, எனக்கு அது ஒத்துவரல. ஆனுக்கு அவன் பொய்யன்னு நல்லாத் தெரியும், நடிக்கிறவனேன்னுதான் கூப்புடுறா. உன் மனசும் பொய் நாக்கும் பொய்யோன்னு பயமா இருக்குன்னு அவன் முகத்துக்கு நேராவே சொல்றா. அவ மயங்கல. அப்பா இல்ல, புருஷன் இல்ல, மாமனார் இல்ல, நாட்டுல ஆட்சி அவன் குடும்பத்து கையில. கத்திய கையில குடுத்து "உனக்குத்தான் அதிகாரம், நீயே முடிவெடு"ன்னு அவன் போடுற வேஷம் இருக்கே, அதுதான் அந்தக் காட்சியோட குரூரம். அவன் உண்மையில எந்த அதிகாரத்தையும் குடுக்கல. அவ அந்தப் பக்கம் போனதும் நம்மகிட்ட திரும்பி, இவள அடைஞ்சுட்டேன், ஆனா ரொம்ப நாள் வச்சுக்க மாட்டேம்பான்.

இதோட மறுபக்கம் இப்சனோட பொம்மை வீடு, 1879-ல கோபன்ஹேகன்ல முதல்ல போட்டது. நோரா முதல் காட்சியிலருந்து பொய் சொல்லிட்டே இருக்கா. இனிப்பு சாப்பிட்டத மறைக்கிறா, புருஷன்கிட்ட காசு வாங்கக் கொஞ்சுறா, அணில்குட்டி வானம்பாடின்னு அவன் கூப்புடுற பேருக்கெல்லாம் ஆடிக் காட்டுறா. உடம்பு சரியில்லாத அவனக் காப்பாத்த இத்தாலி கூட்டிட்டுப் போக 4,800 குரோனர் கடன் வாங்கியிருக்கா, அப்பா கையெழுத்த தானே போட்டு. அப்பா செத்தது செப்டம்பர் 29, கையெழுத்துல தேதி அக்டோபர் 2, அதுலதான் மாட்டிக்கிறா. கடன் குடுத்தவன் எல்லாத்தையும் எழுதிப் போட்டு தபால் பெட்டியில கெடக்குற கடிதத்த புருஷன் எடுத்துடக் கூடாதுன்னு பைத்தியம் மாதிரி ஆடுறா, பெட்டி சாவி அவன்கிட்ட மட்டும்தான். இது சூழ்ச்சி இல்லன்னு சொல்ல மாட்டேன், சூழ்ச்சிதான். ஆனா சாவி இல்லாதவ கையில வேற என்ன இருக்கு?

அந்தக் கடிதத்த அவன் படிச்சு, அப்புறம் கடன் பத்திரமும் திரும்பி வந்ததும் அவன் கத்துறது "நான் தப்பிச்சேன் நோரா, நான் தப்பிச்சேன்". அவ கேக்குறா, "நான்?". அந்த ஒரு வார்த்தையில எட்டு வருஷக் கல்யாணம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அவ கொஞ்சல, ஆடல, பொய் சொல்லல, உக்காந்து பேசுறா, பேசி முடிச்சுட்டு வீட்ட விட்டே போயிடுறா. ஜெர்மனியில இந்த முடிவ ஒத்துக்காம, அவ குழந்தைங்களுக்காகத் தங்கிடுற மாதிரி இப்சனையே மாத்தி எழுத வச்சாங்க, அவர் அத காட்டுமிராண்டித்தனம்னே சொன்னார். குழந்தைங்க முகத்தக் காட்டி நிறுத்துறதும் இதே வித்தைதானே.

தூரல்:

தமிழ்ல இருந்தும் ஒண்ணு சொல்றேன், யாரும் சொல்லல. 1891-ல வந்த மனோன்மணீயம், பெ. சுந்தரம் பிள்ளையோடது. அமைச்சன் குடிலன் மன்னன் சீவகன எப்படி வளைக்கிறான்னு பாத்தா இயாகோ மாதிரி சந்தேகத்துல ஆரம்பிக்க மாட்டான், புகழ்ச்சியில ஆரம்பிப்பான். மன்னனுக்கு உண்மைய சொல்ற நாராயணன் பேச்சு காதுல ஏறாது, குடிலன் பேச்சு தேனா இருக்கும். மணத்தூது போன குடிலனோட மகன் பலதேவன் போரத்தான் கொண்டு வர்றான். எனக்கு அதுல வலிக்கிற இடம் மனோன்மணி. மனசுல வேற ஒருத்தன வச்சுக்கிட்டு, அப்பாவுக்காக பலதேவனக் கட்டிக்க சம்மதிக்கிறாளே, அங்க அவளை யாரும் மிரட்டல, கெட்ட எண்ணத்தோட யாரும் பேசவும் இல்ல. அப்பா மேல இருக்குற பாசமே போதுமானதா இருக்கு.

அப்புறம் ஷேக்ஸ்பியரோட நகைச்சுவை நாடகம் மச் அடோ அபவுட் நத்திங்ல ஒரே தந்திரம் ரெண்டு தடவ வருது, யாராவது அதப் பத்தியும் எழுதுங்க. ஒருத்தர் இன்னொருத்தர விரும்புறதா பேசி ஒட்டுக்கேக்க வச்சு பியாட்ரிஸையும் பெனடிக்கையும் சேத்து வைக்கிறாங்க, அதே மாதிரி ஜன்னல்ல ஒரு பொய்க் காட்சி காட்டி ஹீரோங்குற பொண்ண மணமேடையில அவமானப்படுத்துறாங்க. சேத்து வச்சதுக்காக முதல் தந்திரத்துக்கு நாம சிரிக்கிறோம். ஆனா ஏமாந்தது ஏமாந்ததுதானே?

ஞாயிறுவாசகன்:

தூரல், எனக்கு வித்தியாசம் தெரியுது. பியாட்ரிஸும் பெனடிக்கும் ஒட்டுக்கேட்டதுல தங்களோட குறையப் பத்தியும் இருந்துச்சு, அவன் திமிரு புடிச்சவன், அவ கர்வம் புடிச்சவன்னு. அதக் கேட்டுட்டு தன்னத் திருத்திக்கிறாங்க. அதுவும் இல்லாம பின்னாடி உண்மை வெளிய வந்தப்ப, வேண்டாம்னு விலக ரெண்டு பேருக்கும் வாய்ப்பு இருந்துச்சு, ஆளுக்கு ஒரு கவிதை கையோட மாட்டுனதாலதான் சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க. ஹீரோவக் கட்டிக்க இருந்த கிளாடியோ பாத்தது இன்னொருத்தியோட குறைய, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நேரா மணமேடையில போய் கத்துனான். மரநிழல் சொன்ன அந்த வழி, ஹீரோவுக்கு இல்லவே இல்ல.

பின்வரிசை:

இவ்வளவு வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேடைக்காரி, "தெரியாத மாதிரி இரு" பத்தி எங்க குழுவுல நேத்து படிச்சுக் காட்டுனேன், ஒதெல்லோவ முட்டாள்னு சொன்னவரே கொஞ்ச நேரம் பேசல. ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. டெஸ்டிமோனாவும் பொய் சொல்றாளே? கைக்குட்டை தொலையலன்னு ஒதெல்லோகிட்ட சொல்லிடுறா. அவ எதுக்கு?

மேடைக்காரி:

அந்தப் பொய்க்கு முன்னாடி ஒதெல்லோ என்ன சொல்றான்னு பாருங்க. அது மந்திரக் கைக்குட்டை, எங்கம்மாவுக்கு ஒரு எகிப்துக்காரி குடுத்தா, அது கையில இருக்குற வரைக்கும்தான் புருஷன் அன்பு இருக்கும், தொலைச்சா அவன் வெறுத்துடுவான்னு ஒரு பெரிய கதை. அவ பயந்துபோய் நெஜமாவான்னு கேக்குறா, அப்படின்னா அத நான் பாக்காமயே இருந்திருக்கலாங்குறா. அப்புறம்தான் அந்தப் பொய். இப்ப 5-வது அங்கத்துக்குப் போங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் ஒதெல்லோ அதே கைக்குட்டையப் பத்திச் சொல்றான், எங்கப்பா எங்கம்மாவுக்குக் குடுத்ததுன்னு. எகிப்துக்காரியக் காணோம்.

ரெண்டுல எது உண்மைன்னு ஷேக்ஸ்பியர் சொல்லல. முதல் கதை அவள பயமுறுத்தவே சொன்னதா இருந்தா, இயாகோகிட்ட ஒரு மதியம் உக்காந்ததுக்கே ஒதெல்லோவும் கத்துக்கிட்டான்னு அர்த்தம்.

பின்வரிசை:

இத நான் கவனிக்கவே இல்ல. அந்த ரெண்டு காட்சியையும் அடுத்த வாரம் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன், இந்தத் தடவ டெஸ்டிமோனாவ நான் வாசிக்கிறேன்.